வாப்பா இரண்டாம் முறை தொழுத லுஹர்

இதை எழுத ஏழெட்டு வருஷம் தயங்கினேன். வாப்பாவின் தொழுகையைப் பற்றி யாரும் தப்பாகப் பேசிவிடக் கூடாதே என்ற பயம். எனக்குப் படிப்பும் எட்டாவதோடு சரி. தெரிந்தபடி எழுதுகிறேன், அல்லாஹ் பிழை பொறுக்கட்டும்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் கம்பெனி ஆட்களுக்குக் கையுறை, ஷூ விற்கும் கடை வைத்திருந்தேன். பழவேற்காட்டை விட்டு எங்களோடு வந்து தங்கிய வாப்பா, பகலெல்லாம் கடையில் இருப்பார். லுஹர் என்கிற மதியத் தொழுகையைப் பள்ளிவாசலில் முடித்துத் திரும்புவார். கால் மணி நேரத்தில் மறுபடி கை, கால், முகம் கழுவி அதே தொழுகைக்குக் கிளம்புவார்.

"இன்னா பாய், உங்க வாப்பா சொர்க்கத்துல பக்கத்து மனையையும் சேர்த்து வளைச்சுக்கினு இருக்காரு" என்பார் எதிர் டீக்கடைக்காரர். எனக்கும் பெருமைதான். நோயைப் பக்தி என்று நம்பி ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டேன்.

ஒருநாள் மூன்றாம் முறை கிளம்பியவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். இப்போதுதானே தொழுதீர்கள் என்று கத்திவிட்டேன்.

"தொழாம எந்த மூஞ்சிய வெச்சுக்கினுடா அவன் முன்னாடி போவேன்?" என்று குழந்தைபோல் அழுதார்.

திருவள்ளூரில் மூளை டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய் என்றார். மூளையில் கழிவுப் புரதம் சேர்ந்துகொண்டே இருக்குமாம். அதைத் தின்று தீர்க்கும் செல்களும் உண்டு, ரத்தத்தின் வழியே வெளியே தள்ளும் ஏற்பாடும் உண்டு. இந்த நோயில் அந்த வேலை பின்தங்கி, புரதம் கட்டி கட்டியாகத் தேங்கிவிடுகிறது என்றார். நாங்கள் செய்த பாவமா என்று கேட்டேன்.

"பாவம்லாம் இல்ல பாய். இப்பவும் அது முடிஞ்சவரைக்கும் சுத்தம் பண்ணிக்கினுதான் இருக்கு."

அந்தக் கட்டியைக் கரைக்க மருந்து இன்னும் வரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவன் படைப்பில் இப்படி ஓயாத ஒரு வேலை நடப்பதை நினைத்து வழியெல்லாம் கண் கலங்கினேன்.

தடுப்பதா விடுவதா என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஸரத்திடம் கேட்டேன். மறதிக்காரர் மேல் குற்றமில்லை, நீ அவர் கூடவே நில் என்றார்.

மறுநாள் வாப்பா இரண்டாம் முறை கிளம்பியபோது நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். முடித்ததும் என் தோளைத் தட்டி, "உன் கூட தொழுது எவ்ளோ நாளாச்சுடா" என்றார். அன்று மூன்றாம் முறை அவர் கிளம்பவில்லை. அதன்பின் சில நாள் கிளம்புவார், சில நாள் மாட்டார். அவர் அழுது மட்டும் நான் பார்க்கவில்லை.

படிப்பவர்கள் இதை அடுத்தவருக்கும் சொல்லுங்கள். துஆவால், வேண்டுதலால் குணமானார் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம், அவர் குணமாகவில்லை. நான் கத்தியதை மறைக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.