கூமாப்பட்டி குருவம்மாள்: பருத்திக்கும் மில்லுக்கும் நடுவே

செவ்வாய்க்கிழமை காலை, இராஜபாளையத்தில் எங்கள் மில் குடோனில் பருத்தி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. டைம் ஆபீஸ் கிளார்க் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "அண்ணாச்சி, ஸ்பின்னிங் வேலுச்சாமியோட அம்மா தவறிட்டாகளாம். கூமாப்பட்டியில இருந்து போன் வந்துச்சு. அவன் மெஷினைப் பக்கத்து ஆளுகிட்ட விட்டுட்டு ஓடிட்டான்" என்றார். தரம் பார்க்க எடுத்திருந்த பருத்தியை அப்படியே சாக்கில் போட்டுவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

குருவம்மாள் கூமாப்பட்டிக்குக் கிழக்கே கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர், பருத்தி விவசாயி. வேலுச்சாமி அவருடைய ஒரே மகன். நான் மில்லுக்குப் பருத்தி கொள்முதல் செய்கிறவன். விவசாயிகள் சங்கத்தார் இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னபோது, "ஆள் தெரிந்துதான் கேட்கிறீர்களா?" என்றேன். விலையைக் குறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த அம்மாள் என்னோடு போடாத சண்டை இல்லை. "அதனாலதான் ஒம்மகிட்ட கேக்கோம். எங்களைவிட உமக்குத்தான் அவியளை நல்லாத் தெரியும்" என்றார்கள். மறுக்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். அப்போது மண்டியில் விலை பேசுவது துண்டுக்கு அடியில். வாங்குகிறவனும் தரகரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை என்று கணக்கு. பருத்தி கொண்டுவந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கை பிரிந்த பிறகுதான் அவருக்கு விலை தெரியும். பக்கத்துச் சாக்குக்காரருக்கு அதுவும் தெரியாது. எனக்கு மிகவும் வசதியான ஏற்பாடு.

கணவர் இறந்த வருடம் குருவம்மாள் தாமே வண்டியில் பருத்தி ஏற்றிக்கொண்டு வந்தார். தரகர் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றார். தரகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆம்பளையாளு யாரும் வரலையாம்மா? பொம்பள கையைப் பிடிச்சு எப்படி வெல பேச?"

"கையை எதுக்குவே பிடிக்கணும்? வாய் இல்லையா? வாயால சொல்லச் சொல்லும்."

மண்டியே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்து, விலையைச் சத்தமாகவே சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்கு முந்தின குவியலை அதைவிடக் குறைத்து வாங்கியிருந்தேன். அந்தக் குவியல்காரர் எழுந்துவிட்டார். "ஏன்யா, எம் பருத்தி மட்டும் என்ன எளப்பமா?" அவருக்கு ஏற்றிக் கொடுத்தேன். உடனே அவருக்கும் முந்தினவர் வந்து நின்றார். அடேயப்பா, அன்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. மேனேஜரிடம் வேறு தனியாக. அடுத்த சந்தையிலிருந்து குருவம்மாளின் சாக்குகளுக்குப் பக்கத்தில் தங்கள் சாக்குகளை இறக்க ஆட்கள் இடம் பிடிக்கத் தொடங்கினார்கள். சங்கத்தார் அவரைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்டதும் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு முறை, பருத்தியில் ஈரம் இருக்கிறது என்று விலையில் கழித்தேன். அவர் வாக்குவாதமே செய்யவில்லை. சாக்குகளைப் பிரித்து மண்டி வாசலிலேயே வெயிலில் பரப்பி, பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்துவிட்டார். என் லாரி வெளியே போக வழி இல்லை. "காயட்டும். ஈரம் போன பொறவு நீரும் போகலாம்" என்றார். நான் கழித்ததைத் திரும்பச் சேர்த்தேன்.

இப்படிப்பட்டவர் மகனை எங்கள் மில்லிலேயே பதிலி வேலைக்குச் சேர்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதிலி என்றால் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் உள்ளே எடுப்பார்கள். மற்ற நாளில் மில் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். "ஒரே வீட்டுல விக்கிறவுகளும் இருக்காக, வாங்குதவுகளும் இருக்காக" என்று சீண்டினேன். "மழை இல்லைன்னா மில்லு, மில்லு பூட்டுனா பருத்திக்காடு. ரெண்டுலயும் ஒரு காலு கெடக்கட்டும்வே. அவன் மட்டும் பெர்மனெண்ட் ஆயிட்டாம்னா எனக்கு வேற கவலையே இல்ல" என்றார். அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, எவ்வளவு அனுப்பலாம் என்பதை டெல்லிதான் முடிவு செய்யும். திறந்துவிட்டால் பருத்தி விலை ஏறும், மில்லுக்குக் கட்டுப்படியாகாது. மூடினால் மில் ஓடும்; விவசாயி தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் தாராளமாகத் திறந்தார்கள். விலை எகிறியது. எங்கள் மில்லில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. நிறுத்தினால் முதலில் வெளியே போவது பதிலிகள். ஏற்றுமதி பற்றிக் கருத்துக் கேட்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு அரசுக் குழு வருவதாக இருந்தது. சங்கத்தின் சார்பில் அங்கே பேசப்போகிறவர் குருவம்மாள். ஷிப்ட் விஷயத்தை அவர் தெரிந்துகொண்டு பேசட்டும் என்று நானே போய்ச் சொன்னேன்.

"அவனே சொல்லிட்டான். யூனியன்காரங்களோட சேந்து ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி மனு குடுக்கப் போறானாம்" என்றார்.

"நீங்க?"

"நிறுத்தாதன்னு நான் குடுப்பேன். அவன் வயித்துக்கு அவன் கேக்கான், எம் வயித்துக்கு நான் கேக்கேன். இதுல என்ன சண்டை?"

சொல்லிவிட்டாரே தவிர, முகம் வாடித்தான் இருந்தது.

கூட்டத்தன்று நான் மில் தரப்பில் உட்கார்ந்திருந்தேன். வேலுச்சாமி யூனியன் ஆட்களோடு வந்து மனுவை நீட்டிவிட்டு ஓரமாக நின்றான். அடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். நீளமாகப் பேசவில்லை.

"வெல ஏறணும்னு எனக்கு ஆசைதான்யா. ஆனா அதை மட்டும் கேக்க வரல. தொறங்க, இல்லைன்னா மூடுங்க. எதுன்னாலும் நாங்க விதைக்கும் முன்னாடி சொல்லிருங்க. தொறந்திருக்குன்னு நம்பி நாங்க விதைச்சு, காயி வெடிச்ச பொறவு மூடிட்டீகன்னா, செடியைத் திரும்ப மண்ணுக்குள்ள தள்ளவா முடியும்? எம் மகன் கதையும் அதுதான். இன்னைக்கு வேலை உண்டா இல்லையான்னு கேட்டுல போய் நின்னாத்தான் அவனுக்குத் தெரியுது."

குழுவில் ஒருவர் எழுதிக்கொண்டார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது, தாயும் மகனும் தேரடி நிழலில் உட்கார்ந்து ஒரே தூக்குவாளியில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வாரும் மில்லுக்காரரே. எதிராளிக்கும் ஒரு வாய் இருக்கு" என்றார். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். புளி கொஞ்சம் தூக்கல்.

மூன்றாவது ஷிப்ட் நின்றது. வேலுச்சாமி ஊருக்குப் போய் அம்மாவோடு காட்டு வேலையில் இறங்கினான். அந்த வருட விலையைப் பார்த்து, மறு வருடம் இருந்த நிலம் முழுவதிலும் பருத்தியே போட்டார்கள். காய் வெடிக்கிற நேரத்தில் ஏற்றுமதியை மூடிவிட்டார்கள். விலை படுத்துவிட்டது. மில்லில் மூன்றாவது ஷிப்ட் திரும்ப ஓடியது. வேலுச்சாமிக்கு ஆள் அனுப்பினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்களே, அந்த வீட்டுக்கு அன்று அந்த நிலைதான். அம்மாவின் வயிற்றில் அடித்து வருகிற வேலை தனக்கு வேண்டாம் என்று அவன் முரண்டு பிடித்தான்.

"ஏலே, கோட்டித்தனம் பண்ணாத. ரெண்டுல ஒண்ணு நட்டமாப் போச்சு. மத்ததாவது நிக்கட்டும். கெளம்பு" என்று குருவம்மாள்தான் அவனை பஸ் ஏற்றிவிட்டார்.

அதே வாரம் பருத்தியோடு மண்டிக்கு வந்தார். விலையைச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை. சொன்னேன். அவர் பேரம் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எடுத்துக்கிடும். எங்கையில வாங்கி எம் மகன் கையில குடுக்கப் போறீரு. நடுவுல லாபம் மட்டும் ஒம்ம மொதலாளிக்கு" என்றார். சாக்கை எடை போடச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அதற்குச் சில வருடம் கழித்து, சென்ற ஆண்டுதான், வேலுச்சாமி நிரந்தரமானான். அந்தச் செய்தியை நான்தான் அவருக்குச் சொன்னேன். மண்டி என்றும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆவணியில் எடுத்த பருத்தி முழுவதும் விற்காமல் வீட்டுக்குள் அடுக்கிக் கிடந்தது. நடக்க வழி இல்லை. ஏற்றுமதியைத் திறப்பார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் வைத்திருந்தார்.

"தொறந்தா ஒம்ம மில்லுல ஒரு ஷிப்ட் நிக்கும்லா?" என்று கேட்டார்.

"நிக்கலாம்."

"பெர்மனெண்ட் ஆளுக்கு ஒண்ணும் வராதுல்லா?"

"வராது."

"அப்பம் இந்தத் தடவ நான் தைரியமா ஆசப்படலாம்" என்று சொல்லிச் சிரித்தார். எவ்வளவு கேட்டும் எனக்கு ஒரு சாக்குகூடத் தரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாரடைப்பு என்றார்கள். டெல்லியிலிருந்து அறிவிப்பு இன்னும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். மூக்கில் வைக்கப் பஞ்சு கேட்டார் ஒரு பெரியவர். மருந்துக்கடையில் வாங்கி வரலாம் என்று ஒருவர் எழுந்தார். வேலுச்சாமி அவரைத் தடுத்தான்.

"வீடு நெறையப் பருத்தி கெடக்கு. எங்கம்மாவுக்குக் கடையிலயா வாங்குவாக?"

ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, தரையில் உட்கார்ந்து கொட்டையை நீக்கத் தொடங்கினான். மெஷினில் நூல் ஓட்டிப் பழகிய கை. கொட்டை லேசில் வரவில்லை. ஒரு பிடி பருத்தியை என்னிடம் நீட்டினான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தேன்.

பழக்க தோஷம், என் விரல் தானாக இழையை இழுத்துப் பார்த்தது. நல்ல நீளம், நல்ல உறுதி, துளி தூசி இல்லை. வாங்க வந்தவன் பருத்தியைப் புகழக் கூடாது. புகழ்ந்தால் விலை ஏறிவிடும். இத்தனை வருடத்தில் உங்கள் முன்னால் ஒருநாளும் நான் அப்படிச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அம்மா. நல்ல பருத்தி. முதல் தரம். போய் வாருங்கள்.