தீப்பிடித்தால் மட்டும் திறக்கும் வழி

திண்டிவனத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று என் அம்மாவைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சமையல் கான்ட்ராக்டர்களிடம் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனவள். பின்னால் நுழைந்து பின்னாலேயே திரும்பி வருவாள். முன்வாசலில் பன்னீர் தெளிக்கிறார்களே, அதைத் துடைத்துக்கொள்ளலாமா, அப்படியே விட்டுவிட வேண்டுமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். நான் அப்போது பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். சுருக்கென்று ஆத்திரம் வந்தது. அம்மா மேல் இல்லை.

படிப்பு முடிந்து விழுப்புரத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் பஸ்சில் போய் வருவேன். வீடு, கடை, சின்னச் சின்ன ஆஸ்பத்திரி என்று வரைந்துகொண்டிருந்த எங்களிடம் ஒருநாள் திண்டிவனத்திலிருந்து ஒரு கமிட்டி வந்தது. ஊரில் பொதுவாக ஒரு மண்டபம் கட்டப்போகிறார்களாம். எல்லாச் சமூகத்தாருக்கும் பொது என்று வாசலில் கல்வெட்டே வைக்கப்போகிறார்களாம். இடம் எங்கே என்று இன்ஜினியர் சார் கேட்டார். வேர்க்கடலை உடைக்கிற பழைய மல்லாட்டை மில் இருந்த மனை என்றார் கமிட்டித் தலைவர். எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த மனையின் முன்பக்கம் மெயின் ரோடு. பின்பக்கம் எங்கள் தெரு. ஊர்க்காரர்கள் காலனி என்று சொல்கிற தெரு. எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் அந்த மில்லின் பின்சுவர்தான் எதிரே நிற்கும்.

அந்த வேலையை நான்தான் செய்வேன் என்று சாரிடம் அடம்பிடித்து வாங்கினேன். வாங்கிய பிறகு அதில் விழுந்து விழுந்து உழைத்தேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டேன். பொது மண்டபம் என்று போர்டு எழுதுவது சுலபம். ஒரு கட்டடத்தை எல்லாருக்கும் பொதுவாக்குவது அப்படி அல்ல.

கோட்டக்குப்பத்திலிருந்து வந்து இங்கே துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் கமிட்டியில் இருந்தார். பெண்களுக்குத் தனிப் பந்தி வேண்டும், தொழுகைக்கு ஒரு மூலையாவது வேண்டும் என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் மடக்குத் தடுப்பு வைத்தேன். இழுத்தால் இரண்டு கூடம், விட்டால் ஒரே கூடம். தொழுகைக்கு ஒரு சின்ன அறை, வெளியே கால் கழுவத் தாழ்வான குழாய்கள். மற்றவர்களின் கல்யாணத்தில் அதே அறையில் கைக்குழந்தைக்காரிகள் உட்கார்ந்து பால் கொடுக்கலாம். மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சமணக் குடும்பத்து அம்மா ஒருவர், "எங்க வூட்ல பொழுது எறங்குறதுக்குள்ள சாப்ட்டு முடிச்சிடணும்மா. மண்டபத்துல விளக்குப் போட்டுத்தான் எலை போடுறாங்க, நாங்க பட்டினியா திரும்புறோம்" என்றார். கூடத்தின் மேற்குச் சுவரில் உயரமான ஜன்னல்களாக வைத்தேன். கடைசி வெயில் இலை மேலேயே விழும். சைவச் சமையல் உள்ளே, பிரியாணி அண்டாவுக்கு வெளியே தனியாக விறகு அடுப்புக் கொட்டகை, இரண்டுக்கும் தனித்தனித் தண்ணீர். ஓமந்தூர்ப் பக்கத்து விவசாயிகள் சொந்தபந்தத்தை டிராக்டரில் ஏற்றி வருவார்கள். டிராக்டர் திரும்ப இடம் விட்டேன்.

எல்லாருக்கும் ஏதோ ஒரு தேவை இருந்தது. எதைக் கேட்டாலும் வரைய முடிந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. உலகத்தையே ஒரு பேப்பரில் சரி செய்துவிடலாம் என்ற மிதப்பு.

மனையை அளக்கப் போன நாளில் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ இந்தப் பின்னாடித் தெரு பொண்ணாமே. நல்லதாப் போச்சு. பின்செவுத்துல ஒரு கேட்டு வச்சிரும்மா. உங்க சனத்துக்கு வசதியா இருக்கும். எதுக்கு மெயின் ரோடு வரைக்கும் சுத்திக்கினு வரணும்?"

"உங்க வூட்டுக் கல்யாணத்துக்கும் நீங்க அந்தக் கேட்டு வழியா வருவீங்களாங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "எங்க வூடு அந்தப் பக்கம் இல்லியேம்மா" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை எடுத்தேன். ஒரு மண்டபம், ஒரு வாசல், பின்சுவரில் கேட் தேவையில்லை என்றேன். பந்தி கேட்டவர்கள், ஜன்னல் கேட்டவர்கள், அடுப்பு கேட்டவர்கள் எல்லாரும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்கள். பாய் மட்டும் மெதுவாக, "புள்ள கேக்குறது நியாயமாத்தான் இருக்கு" என்றார். தலைவர் திரும்பிப் பார்த்ததும் அவரும் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நிமிடத்தில் அவர்கள் எல்லார் மேலும் எனக்கு வந்த கசப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவரவர் தேவைக்கு நான் ராத்திரி பகல் பார்க்காமல் வரைந்தேன். என் தெருவுக்கு ஒரு வார்த்தை பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை.

விழுப்புரம் திரும்பும்போது காரில் சார் சமாதானம் பேசினார். நல்ல மனிதர்தான். சண்டை என்றால் காய்ச்சல் வந்துவிடும் அவருக்கு.

"ஒரு கேட்டு தானேம்மா. நாலடி. அதுக்காக வந்த வேலைய வுட முடியுமா?"

"வுடச் சொல்லல சார். நான் வரைய மாட்டேன்னு சொல்றேன்."

"நீ வரையலன்னா நான் வரைவேன். அவ்ளோதான்."

அது உண்மை. சுவரில் ஒரு கேட் போட அவருக்கு இரண்டு நிமிடம் போதும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பஸ்சில் மயிலத்தைத் தாண்டும்போது சட்டென்று பிடிபட்டது. அவ்வளவு கூட்டம் சேருகிற மண்டபத்துக்கு இரண்டாவதாக ஒரு வழி கட்டாயம் வேண்டும். தீப்பிடித்தால் ஜனம் எந்தப் பக்கம் ஓடும்? அதற்கு வைக்கிற கதவு வெளியே பார்த்துத்தான் திறக்கும். உள்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும், தள்ளினால் திறந்துகொள்ளும். வெளிப்பக்கம் கைப்பிடியோ தாழ்ப்பாளோ இருக்காது, வெறும் தகடுதான். அதன் வழியாக யாரும் வெளியே போகலாம். உள்ளே வர ஆண்டவனாலும் முடியாது.

ஆபீசுக்குப் போனதும், "கேட்டு நானே வரையுறேன் சார்" என்றேன். அவருக்கு நிம்மதி. பின்சுவரில் நாலடிக் கதவை வரைந்து, பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: அவசர வழி, தீ விபத்தின்போது வெளியேற மட்டும். கமிட்டியில் காட்டினேன். ஒளிக்கவில்லை, வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். தலைவர் கதவின் மேல் விரலை வைத்துத் தட்டினார். "கேட்டு இருக்குல்ல, அது போதும். பேரு நீ என்ன வேணா வச்சிக்கோ" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதை நடித்தே காட்டினேன். கதவு எப்படித் திறக்கும், வெளியே நின்று இழுத்தால் ஏன் திறக்காது என்று எங்கள் வீட்டுக் கதவை வைத்துச் செய்து காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள். "உனக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு? வேலைய வுட்டுத் தூக்கிடப் போறாங்க" என்றாள்.

தூக்கவில்லை. ஆனால் கட்டுமானம் பாதியில் இருக்கும்போதே, இனி சைட்டுக்கு அந்தப் பெண் வர வேண்டாம் என்று சாருக்கு போன் வந்தது. சார் எனக்கு வேறு வேலை கொடுத்தார். மண்டபம் எழும்புவதை என் வீட்டு வாசலில் நின்றுதான் பார்த்தேன். கதவு நான் வரைந்தபடியே வந்தது. திறப்பு விழா முடிந்து கொஞ்ச நாளில் வெல்டிங் ஆள் வந்து அந்தத் தகட்டை அறுத்தெடுத்துவிட்டு, வெளியிலிருந்து திறக்கிற கம்பிக் கேட்டைப் பொருத்தினான். நான் எதிரே எங்கள் வீட்டு வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நேராகத் தலைவர் கடைக்குப் போய்க் கேட்டேன். "வசதிக்குத்தாம்மா" என்றார்.

மண்டபம் நன்றாக ஓடியது. பாய் வீட்டுக் கல்யாணம் நடந்தது. சமணக் குடும்பத்துக் கல்யாணமும் நடந்தது, அந்த அம்மா வெளிச்சத்திலேயே சாப்பிட்டதாகச் சொல்லியனுப்பினார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் மட்டும் யாரும் புக் பண்ணவில்லை. வழக்கம்போல வாசலில் ஷாமியானா போட்டே கல்யாணம் நடந்தது.

என் தம்பிக்குப் பெண் முடிவானதும் அங்கேதான் வைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அம்மா வேண்டாம் என்றாள். "வூட்டு முன்னால பந்தல் போட்டா முடிஞ்சது. அவங்க மூஞ்சிய யாரு பாக்குறது?" என்றாள். தம்பி என் பக்கம் சாய்ந்தான். போய்க் கேட்டோம், கொடுத்தார்கள். கல்வெட்டு அப்படி எழுதியிருக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம். விழுப்புரத்திலிருந்து பெண் வீட்டார் வேனில் வந்து எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் இறங்கினார்கள். அங்கிருந்து மேளத்தோடு பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். தெரு திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டோம். மண்டபத்தின் பின் கேட் விரியத் திறந்து கிடந்தது. இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். மேலே சீரியல் பல்பு. பன்னீர் சொம்பு வைக்க ஒரு மேசை. நாங்கள் எல்லாரும் கோயிலில் இருந்த நேரம் பார்த்து, எங்களைக் கேட்காமல் எல்லாவற்றையும் அங்கே ஜோடித்து வைத்திருந்தார்கள்.

நான் விடுவிடுவென்று மெயின் ரோட்டுக்கு நடந்தேன். கூட்டம் மேளத்தோடு பின்னாலேயே வந்தது. முன்வாசலில் பூட்டு. வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"பின்னாடி தொறந்து வச்சிருக்கும்மா. சாவி தலைவரு கிட்ட கீது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

தலைவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ரோட்டில் பஸ்சும் லாரியும் ஹார்ன் அடித்தன. பட்டுப்புடவையில் பெண் வியர்த்து வழிந்து நின்றாள். என்ன விஷயம் என்று அவள் சித்தப்பா என்னைக் கேட்டார். என்ன சொல்வது? அந்தக் கேட் விஷயத்தில் அத்தனை நாள் வீராப்புப் பேசியவள் நான். என் தம்பி மனைவியாக வரப்போகிறவளின் முகத்தைப் பார்த்ததும் அந்த வீராப்பு இறங்கிவிட்டது. அம்மாவிடம் போனேன். முட்டி வலிக்காரி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாலயே போயிடலாம்மா. பொண்ணு நிக்கிது. உனக்கும் கால் வலி" என்றேன்.

அம்மா என்னைத் தாண்டி வாட்ச்மேனைப் பார்த்தாள்.

"உள்ள தீ கீ புடிச்சிக்கினு இருக்குதா?"

அவருக்குப் புரியவில்லை. "இல்லியேம்மா. எதுக்குக் கேக்குறீங்க?"

"அந்தப் பின்னாடி வழி தீப்புடிச்சா ஓடுறதுக்கு. எம் பொண்ணு அப்பிடித்தான் எழுதிக் குடுத்துக்கிறா. தீ இல்லல்ல? அப்ப முன்னால தொற."

சொல்லிவிட்டு, வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பூட்டின கேட்டுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். மேளக்காரர்களைப் பார்த்து, "நீங்க ஏம்பா நிறுத்திட்டீங்க? அடிங்க" என்றாள்.

அவர்கள் அடித்தார்கள். அதுவரை அப்படி அடித்து நான் கேட்டதில்லை. தெருப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். பெண்ணின் சித்தப்பாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது போலிருக்கிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் நடுவில் இறங்கினார். ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். துணிக்கடை பாயும் வந்து பார்த்தார். இந்த முறை அவர் டீ குடிக்கப் போகவில்லை. போனை எடுத்து யாரிடமோ சத்தமாக, "சாவியக் குடுத்தனுப்புங்க. ஊரே பாக்குது" என்று பேசினார்.

சாவி வந்தது. தலைவர் வரவில்லை, கடை ஆள் ஸ்கூட்டரில் கொண்டுவந்தான். வாட்ச்மேன் திறந்தார். மேசையையும் பன்னீரையும் பையன்கள் ஓடிப்போய்த் தூக்கிவந்தார்கள். அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெரு மொத்தமும் நெருக்கிக்கொண்டு நுழைந்தது. முகத்தில் பன்னீர் விழுந்தபோது அம்மா அதைத் துடைக்கவில்லை.

உள்ளே போனதும் நின்று, திரும்பி, அந்த வாசலை மேலும் கீழும் பார்த்தாள். இன்னும் ஜனம் இடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தது.

"இது நீ வரஞ்சதுதானே?" என்றாள்.

"ஆமாம்மா."

"இன்னும் கொஞ்சம் அகலமா வச்சிருக்கணும்" என்றாள்.