ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சிவப்புக் கட்டம்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவில் யாருக்காவது சாமி வந்தால்கூட, காலையில் சாப்பிட்டார்களா என்றுதான் கேட்பேன்.

தாம்பரத்தைத் தாண்டி, தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் பாதுகாப்பும் தரமும் என் பொறுப்பு. அங்கே டேஷ்போர்டு கொண்டுவந்ததே நான்தான். ஒவ்வொரு மெஷினுக்கும் திரையில் ஒரு கட்டம். காலையில் நேரில் பார்த்துச் சரி என்று போட்டால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. என் பாஸ்வேர்டில் மட்டுமே போட முடியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஆடிட். நேரமில்லையென்று சீட்டில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றுக்கும் பச்சை போட்டேன். தப்புதான். தகட்டை அழுத்தி வெட்டும் ஏழாம் நம்பர் பிரஸ் மட்டும் சிவப்பாகவே நின்றது. மாற்றினேன், பச்சை வந்தது, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி சிவப்பு. இப்படி மூன்று தடவை. நெட்வொர்க் கோளாறு என்றுதான் நினைத்தேன், ஆனாலும் ஏனோ உட்கார முடியாமல் மாடி ஆபீஸிலிருந்து இறங்கிப் போனேன்.

அந்த மெஷினில் வேலை செய்யும் ஷகிலா அக்கா பிரஸ்ஸுக்குள் கையை நீட்டித் தகடு வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கையை எடுங்க. கொஞ்சம் தள்ளி வாங்க."

"இன்னா பாப்பா, அதிசயமா கீது! நீ கீழல்லாம் வருவியா?" சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

சூப்பர்வைசர் சேகர் அண்ணன் ஓடி வந்தார். "ஆடிட் வர்ற நேரத்துல மெஷின நிறுத்துறியேம்மா, பேஜார் பண்ணாத!"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பட்டனை யாரும் தொடவில்லை, நம்புங்கள். பிரஸ் தானாக இறங்கி, அக்காவின் கை இருந்த இடத்தில் ஒரே ஒரு முறை அடித்தது. ஷகிலா அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். சேகர் அண்ணன் போய் மெயினை அணைத்தார்.

ஆடிட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், உட்கார்ந்தே பச்சை போட்டதையும். மெக்கானிக் மெஷினைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதாம்.

மாலையில் பதிவுகளைத் திறந்தேன். நான் மூன்று தடவை மாற்றியதற்குத் தடமே இல்லை. ஏழாம் நம்பருக்கு ஒரே ஒரு பதிவு: காலை ஏழு பத்து, சிவப்பு, என் பெயர். குறிப்பில், 'ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. நேரில் பார்த்தேன்.'

ஏழு பத்துக்கு நான் அனகாபுத்தூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றிவிட்டேன். இப்போது தினமும் மெஷின் மெஷினாக நடந்து, பார்த்த பிறகுதான் போடுகிறேன். சில நாட்களில் ஏழாம் நம்பருக்குப் போய்ச் சேரும்போது அதன் கட்டம் ஏற்கெனவே பச்சையாக இருக்கிறது. காலை ஏழு பத்து, என் பெயர், 'நேரில் பார்த்தேன்.'