லைட் பிடித்தவள்

என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் முழுக்க முதுகுகள்தான் இருக்கின்றன. முதுகு, கை, கொலுசுக் கால், வாசலில் கிடக்கும் மூன்று ஜோடிச் செருப்பு. இரண்டு அம்மாக்கள் வளர்க்கும் பிள்ளைகள், திருநங்கை ஒருவர் எடுத்து வளர்க்கும் மகள் என்று சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களைச் சில வருஷங்களாகப் படம் எடுக்கிறேன். யாருக்கும் முகம் கிடையாது. அந்தத் திருநங்கை மகளுக்குத் தலை பின்னும் படத்தில் பின்னல் மட்டும்தான் இருக்கிறது. "முகம் மட்டும் வேண்டாங்க்கா" என்பார்கள். நியாயம்தான். வீட்டுக்காரர் பார்த்தால் வீடு போகும், முதலாளி பார்த்தால் வேலை போகும். ஆனாலும் எனக்கு எரிச்சல் வரும். கல்யாணத்தில் பந்திக்கு முந்துகிற தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் பத்துப் படம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். இவர்களுக்கு ஒரே ஒரு முகம் எடுத்துத் தர வக்கில்லை.

பிழைப்புக்குக் கல்யாணம், காதுகுத்து, எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம். மண்டபத்துக்குள் கேமராவோடு நுழைந்தால், "போட்டோகிராபர் எங்கம்மா?" என்று என்னிடமே கேட்பார்கள்.

முதன்முதலாக என்னிடம் முகம் கேட்டது நாமக்கல்லில் மாடி வீட்டில் குடியிருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி. பிள்ளையைப் பெற்றவள் சேந்தமங்கலத்தில் காடு தோட்டம் உள்ள வீட்டுப் பெண்; வயிற்றில் பிள்ளையோடு புருஷன் வீட்டை விட்டு வந்தவள். மற்றவள் அம்மாபேட்டைக்காரி, அவளுடைய கல்லூரித் தோழி, தையல் வேலை செய்கிறவள். பிரசவ அறைக்கு வெளியே நின்று குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் சித்தி மகள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்றரை வயது மகளோ இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

பேச்சுவார்த்தையே இல்லாமலிருந்த சேந்தமங்கலத்து அண்ணன் ஒருநாள் போன் போட்டிருக்கிறார். "புள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தோணும். தாய்மாமன் நான் இருக்கறப்ப வேற யாரு மடியில உக்கார வெப்பீங்க? ஆனா கூட இருக்கற அந்தப் பொண்ணு மட்டும் கோயில் பக்கம் வரப்படாது."

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அம்மாபேட்டைக்காரி காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தாள். "அவளுக்கு வலிக்கும்போது நான் பக்கத்துல இல்லாம எப்படிக்கா?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். "மாமன் உன்னைப் பார்த்ததே இல்லையே. எனக்கு லைட் பிடிக்க ஆள் வேணும், என்கூட வந்துரு" என்றேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "முடிஞ்சதும் ஒரே ஒரு படம்க்கா. பாப்பா என் மடியில, புதுத் தோட்டோட. என் முகம் தெரியணும்."

சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

குலதெய்வக் கோயிலில் பெரிய புளியமரம். அடியில் ஒரே இருட்டு நிழல். அவள் எனக்கு இடப்பக்கம் லைட்டைத் தூக்கிப் பிடித்து நின்றாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டி, பாப்பாவை மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். பெற்றவள் பக்கத்தில் நின்றாள். தப்பித் தவறியும் லைட் பக்கம் திரும்பவில்லை.

குழந்தை கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்றது. "இங்க பாரு சாமி!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். சாவிக்கொத்தை ஆட்டினேன், காக்காய் மாதிரி கத்தினேன். கண் நேராக வரவே இல்லை. ஆசாரி ஊசியைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. அந்த நேரம் பார்த்து லைட் ஆடியது. "ஏம்மா, லைட்டை ஒழுங்காப் பிடிக்க மாட்டியா?" என்று அத்தனை பேர் முன்னால் அதட்டினேன். பழக்க தோஷம். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கெடா விருந்தில் மாமனே வந்து, "லைட்டுப் புடிக்கறவங்களுக்கு மொதல்ல எலை போடுங்கப்பா, பாவம், கை வலிச்சிருக்கும்" என்றார். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். நாங்கள் கை கழுவி வருவதற்குள் பாப்பாவைக் காரில் ஏற்றித் தாத்தா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் கேட்ட அந்த ஒரு படத்தை எடுக்க முடியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் லைட் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் எடுத்துக்கலாம் என்றேன். "காதுகுத்து அன்னைக்குன்னு கேட்டேன்க்கா" என்றாள்.

படங்களை அனுப்பிய மறுநாள் மாமன் போன். "ஏனுங்க, இத்தன போட்டோவுல ஒண்ணுல கூடப் புள்ள நேராப் பாக்கலீங்களே? பெருசாப் போட்டு ஊட்டுல மாட்டலாம்னு இருந்தனுங்க. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்லயே கண்ணைத் திருப்பிப்போடலாமாமே?" பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் மேல் கோபம், குழந்தை மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

அம்மாபேட்டைக்காரி ஸ்டுடியோவுக்கு வந்தபோது, வெட்கமில்லாமல் அவளிடமே புலம்பினேன். "உன் மகள் ஒரு படத்துலயாவது என்னைப் பார்த்தாளா?"

அவள் மவுஸை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மொட்டை, சந்தனம், மாமன் மடி, ஊசி. எல்லாவற்றிலும் குழந்தையின் கண் கேமராவுக்கு நாலு விரல் தள்ளி ஒரே இடத்தில் நின்றது.

"நான்தான்க்கா சொல்லி வெச்சேன். கூப்பிடக் கூடாது, ஓடி வரக் கூடாது, லைட்டுக்குப் பின்னாடி அம்மா நிப்பேன், என்னையவே பாத்துக்கிட்டு இருன்னு. அவ்ளோ வலியிலயும் கூப்பிடலை பாருங்க." ஊசி குத்திய படத்தில் வாய் திறந்து அழும் அந்த முகத்தை விரலால் தொட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் திருப்புவது இரண்டு நிமிஷ வேலை. அவள் எதிரிலேயே மாமனுக்குப் போன் போட்டேன்.

"முடியாதுங்க" என்றேன்.

"நெசமாலுமாங்க?"

"எந்தக் கம்ப்யூட்டர்லயும் முடியாதுங்க. அப்படியே மாட்டுங்க."

சேந்தமங்கலத்து வீட்டுக் கூடத்தில் இப்போது அது பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் புள்ள எங்கயோ பாக்குதே என்று கேட்கிறார்களாம். போட்டோக்காரிக்கு எடுக்கத் தெரியலீங்க என்கிறாராம் மாமன். சொல்லிவிட்டுப் போகட்டும்.