விறகு போட்டவன் பேர்

தென்பெண்ணையில் பரிசல் ஓட்டும் ஆஞ்சப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கதை என்றாலோ உயிர். 1956இல் அக்கரைப் பள்ளிக்குப் போகும் சென்னகிருஷ்ணன் வாத்தியார், ஓர் இங்கிலீஷ் நாவலைப் பரிசலிலேயே அவனுக்குத் தமிழில் சொல்லிவந்தார். அந்தக் கதையில் முதலைகளுக்குத் தப்பி, ஒரு வெள்ளைக்காரத் துரை இரண்டு மாதம் ஆற்றை எதிர்த்துப் போகிறான்.

ஆஞ்சப்பன் துடுப்பை நிறுத்திவிட்டான். பரிசல் ஓட்டத்தை எதிர்த்துப் போகாது. மேலே போக அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு நடப்பவன் அவன்.

"ரெண்டு மாசம் தலையில சொமந்தவன் பேரு என்னங்க?"

"அது நீராவிப் படகு, ஆஞ்சப்பா. வெறகு போட்டா போவும்."

"வெறகு போட்டவன் பேரு?"

வாத்தியார் பக்கங்களைப் புரட்டினார். துரையின் நாய்க்குக்கூடப் பேர் இருந்தது, விறகு போட்டவனுக்கு இல்லை.

"ஆஞ்சப்பன்னு எழுதுங்க. அதுவரைக்கும் பரிசல் இங்கியேதான் சுத்தும்."

சுற்றும் பரிசலில், பக்க ஓரத்தில், வாத்தியாரின் கையெழுத்து அன்றுதான் முதன்முதலாகக் கோணலாக விழுந்தது.