ஹுமேராவின் டாலரும் ஸ்வேதாவின் இந்தியும்

வாணியம்பாடி ஹுமேரா ஒரு நாள் செல்போனை அணைத்துவிட்டுத் தூங்கினால் போதும், அமெரிக்காவில் ஒருத்தருக்கும் சம்பளம் போட முடியாது. மும்பையிலிருந்து ரிசர்வ் வங்கி ஆட்கள் ரயிலேறி ஆம்பூரில் இறங்கி, "இந்த மாசம் எத்தினி நோட்டு அடிக்கலாம்மா?" என்று அவளைக் கேட்டுக்கொண்டு, தலைக்கு ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள்.

இந்தத் தகவலை ஆம்பூர் ஷூ கம்பெனி முழுக்கப் பரப்பியவள் ஸ்வேதா. அவளுடைய இடம் ஹுமேராவுக்குப் பக்கத்து இடம். ஹுமேரா மெஷினில் தோல் துண்டின் ஓரத்தைச் சீவித் தள்ளுவாள். ஸ்வேதா அதை வாங்கிப் பசை தடவி மடிப்பாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குடியாத்தத்திலிருந்து வரும் ஸ்வேதாவின் புளிச்சோறும், வாணியம்பாடியிலிருந்து வரும் ஹுமேராவின் குஸ்காவும் மத்தியானம் ஒரே டப்பா மூடியில் கலந்து கிடக்கும். அப்படித்தான் இருந்தது, அந்த டாலர் வரும்வரை.

அது கையால் தொட முடியாத டாலர். செல்போனுக்குள் மட்டும் இருக்கும். பெங்களூரில் இருக்கிற பெரியம்மா மகன் ஒவைஸ் சொல்லிக்கொடுத்தான். கம்மி விலைக்கு வாங்கி, முகம் தெரியாத ஆட்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்திக்கு விற்க வேண்டும். வாங்குகிறவன் ஹுமேராவின் வங்கிக் கணக்கில் பணம் போட்டதும், இவள் ஒரு பொத்தானைத் தட்டி டாலரை விடுவிப்பாள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் சோறு, ஒரு கையில் வியாபாரம்.

கேன்டீனில் ஹுமேராவின் பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "எனக்கும் சொல்லிக் குடு ஹுமேரா" என்று பேக்கிங் செக்‌ஷனிலிருந்துகூட வந்தார்கள். ஒருநாளும் யாரையும் பார்த்துச் சிரிக்காத சூப்பர்வைசர் சோபனா மேடம் ஹுமேராவுக்கு மட்டும் தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்தார். ஸ்வேதா பெஞ்சின் ஓரத்துக்குப் போனாள்; பிறகு ஓரத்திலும் இடமில்லாமல் படிக்கட்டுக்குப் போனாள்.

அங்கே உட்கார்ந்து அவள் சும்மா இல்லை. ஒருநாள் ஹுமேரா கை கழுவப் போன நேரத்தில் அவளுடைய போனின் ரிங்டோனை போலீஸ் சைரனாக மாற்றி வைத்தாள். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. ஹுமேரா சிரித்துவிட்டாள்; மாற்றவும் இல்லை. "இன்னாடீ, நல்லாதான் கீது" என்றாள். அது ஸ்வேதாவுக்கு இன்னும் எரிச்சல்.

எரிச்சலுக்கெல்லாம் தலை எரிச்சல் ஒன்று இருந்தது. சென்னையில் ஷூ டிசைன் படிக்க ஹுமேராவுக்கு இடம் கிடைத்திருந்தது. ப்ளஸ் டூ முடித்தவள் ஆயிற்றே. பாதியில் விட்ட ஸ்வேதாவுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? டாலர் விற்ற காசெல்லாம் அந்த ஃபீஸுக்குத்தான். அடுத்த மாதம் இதே மெஷினில் வேறு யாரோ உட்கார்ந்து சீவித் தள்ளும் துண்டை ஸ்வேதா மடிக்க வேண்டும். அதை நினைத்தாலே பசை டப்பாவைக் கவிழ்க்கத் தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் சைரன் அலறியது. கூப்பிட்டது வங்கி.

ஹுமேரா போனைக் காதில் வைத்துக் கேட்டாள். "ஆமா சார்... தெரியாது சார்..." அவ்வளவுதான் சொன்னாள். டீ ஆடை கட்டிப்போனது.

விஷயம் இதுதான். வடக்கே எங்கேயோ ஒரு பெரியவரைப் போனில் பயமுறுத்தி யாரோ பணத்தைப் பிடுங்கியிருக்கிறான். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி ஹுமேராவின் கணக்குக்கு வந்து, அவளிடம் டாலராக மாறிப் பறந்துவிட்டது. பெரியவர் புகார் கொடுத்தார். அந்த ஊர் சைபர் போலீஸ் பணம் போன வழியெல்லாம் போய்க் கணக்குகளை முடக்கியது. ஹுமேராவின் கணக்கும் முடங்கியது. சம்பளம், ஃபீஸ் காசு எல்லாம் அதற்குள்ளேயே.

டாலர் விற்பது குற்றமில்லை, வரியை மட்டும் ஒழுங்காகக் கட்டு என்று ஒவைஸ் சொல்லியிருந்தான். இன்னொன்றும் சொல்லியிருந்தான்: வாங்குகிறவன் பேரும் பணம் போடுகிறவன் பேரும் ஒன்றாக இல்லாவிட்டால் தொடாதே, திருப்பி அனுப்பிவிடு. ஹுமேரா அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒருநாள் மட்டும் இடைவேளை முடியும் பெல் அடித்துவிட்ட அவசரத்தில், வேறு பேரில் வந்த பணத்தை வாங்கிப் பொத்தானைத் தட்டிவிட்டு மெஷினுக்கு ஓடினாள்.

மறுநாள் பெஞ்ச் காலி. சொல்லிக்கொடு என்றவர்கள் எல்லாம், "நாங்க அவகிட்ட ஒண்ணும் கத்துக்கலப்பா" என்றார்கள். சோபனா மேடம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குள் போய்ச் சாப்பிட்டார். ஹுமேரா நேராகப் படிக்கட்டுக்கு வந்தாள். ஸ்வேதாவுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அதை மறைக்க, "இன்னா மேடம், அமெரிக்கா மூடிட்டாங்களா?" என்றாள்.

"பேஜார் பண்ணாதடீ. இத்தப் படி."

அன்று காலையில் வங்கி கொடுத்த போலீஸ் நோட்டீஸ். முழுக்க இந்தி. பாதி அச்சு, பாதி யாரோ அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்து. போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னதற்கு, அது வங்கியை எருமையாக்கி, "எருமைக் கணக்குக்காரர் அவர்களுக்கு" என்று தொடங்கியதாம். ஹுமேராவுக்கு உருது வீட்டுப் பேச்சு. காதில் விழுந்தால் இந்தி புரியும், ஆனால் எழுத்து தெரியாது. ஸ்வேதாவுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் அரைகுறைதான். மகள் என்றைக்காவது மத்திய அரசு வேலைக்குப் போவாள் என்று அவளுடைய அம்மா தேவிகா சின்ன வயதில் இந்தி டியூஷனுக்கு அனுப்பியிருந்தாள். லுங்கித் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் படித்து இரண்டு பரீட்சை பாஸ்.

"மேனேஜர் இன்னா சொன்னாரு?"

"ஏழு நாளுக்குள்ள பதில் குடுத்தா, அவங்க பார்த்துட்டு மிச்ச காசையாவது வுடுவாங்களாம். இன்னா கேக்குறாங்கன்னு தெரிஞ்சாதான பதில் எழுத முடியும்? திங்கக்கெழம ஃபீஸ் கட்டணும். காலேஜ்ல கெஞ்சி, ஒரு வாரம் தள்ளி வாங்கின தேதி அது."

ஸ்வேதா தாளில் விரல் வைத்தாள். "ஆ... ப... கே. ஆப்கே. கா... தே... மே."

"உங்க கணக்குல. ம், மேல போ."

"தோ... கா... த... டீ."

"மோசடி. அந்தக் காசு வந்திருக்குதுன்னு சொல்றான்."

விரல் நகர்ந்தது. எழுத்து எழுத்தாக, எச்சில் விழுங்கி விழுங்கி. சில வார்த்தைக்கு ஹுமேராவே முழித்தாள். "இன்னாடீ இது, சாமியாரு பேசுற மாதிரி கீது? திரும்பப் படி." திரும்பப் படித்தாள். பணம் போட்டது யார், எதற்கு, பதிலுக்கு என்ன கொடுத்தாய். டாலர் விற்றதற்கான பதிவு, அடையாள அட்டை, வங்கி விவரம் எல்லாம் அனுப்பு. நேரில் வா, இல்லையென்றால் எழுத்தில் பதில் கொடு.

"எழுத்துல குடுத்தா போதுமா?" ஹுமேராவின் முகத்தில் முந்தின நாளிலிருந்து காணாமல் போயிருந்த வெளிச்சம் வந்தது. "எல்லாம் போன்லயே கீதுடீ! இன்னிக்கே ஒவைஸ் தெரிஞ்ச வக்கீல வெச்சி அனுப்பிடுவான். யா அல்லா... திங்கக்கெழமைக்குள்ள வந்துச்சின்னா நான் போய்டுவேன்டீ."

போய்டுவேன். ஸ்வேதாவின் விரல் கடைசி வரியின் முடிவில் நின்றது. கீழே முத்திரை மட்டும்தான் பாக்கி.

"இரு, இன்னொரு வரி கீது" என்றாள். "ஜாஞ்ச் பூரீ ஹோனே தக் ஆப் ஆம்பூர் மத் சோடியே."

ஹுமேராவுக்குப் புரிந்தது: விசாரணை முடியும்வரை ஆம்பூரை விட்டுப் போகாதீர்கள். டப்பா மூடியை எடுத்தாள், மூடினாள், திறந்தாள்.

"அப்போ காலேஜு?"

"அடுத்த வருஷம் போயேன்" என்றாள் ஸ்வேதா. "எங்க ஓடப்போவுது காலேஜு? நீ இங்கயே இரு. நான் வேணா தெனம் உனக்குப் புளிச்சோறு எடுத்துட்டு வர்றேன்."

சொன்ன பிறகு ஹுமேராவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். அப்படி இல்லை. வேறு பக்கம் திரும்பிப் புளிச்சோற்றில் கடலை பொறுக்கினாள்.

ஹுமேரா தாளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு தன் குஸ்காவில் பாதியை எடுத்து, பழையபடி டப்பா மூடியில் புளிச்சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஸ்வேதா."

"இன்னா?"

"மேல கீறது பூரா கல்லு பொறுக்குற மாதிரி படிச்ச. ஆப்கேன்றதுக்கே மூணு தடவ மூச்சு வாங்கின. கடைசி வரி மட்டும் இன்னாடீ அப்டி வழுக்கிட்டு வந்திச்சி?"

ஸ்வேதா கடலையை மென்றாள்.

"வாணியம்பாடிக்காரிய ஆம்பூர வுட்டுப் போவாதன்னு எந்த ஊரு போலீஸுடீ சொல்லுவான்? நான் தெனம் சாயந்தரம் வுட்டுட்டுதான வூட்டுக்குப் போறேன்?"

"படிச்சதத்தான் சொன்னேன்..."

ஹுமேரா தாளை அவள் மடியில் விரித்து, பசை காய்ந்திருந்த அவளுடைய விரலைப் பிடித்துத் தூக்கி, தாளுக்கு மேலே நிறுத்தினாள்.

"எங்க வை, பாக்கலாம். அந்த வரி எங்க கீது?"