கௌசிக்கு வந்த பேஸ்பால் அழைப்பு

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்து மைதானத்தில், குளிர் கொஞ்சம் விட்டதும் பெரியவர்கள் துப்பத் தொடங்கிவிடுகிறார்கள். ஒஹாயோவில் இருக்கும் இந்தச் சிறிய ஊரின் மனிதர்கள் மற்ற நாட்களில் தெருவில் ஒரு காகிதத் துண்டைக்கூடப் போட மாட்டார்கள். பேஸ்பால் பருவம் வந்துவிட்டால் போதும், பல் மருத்துவரும் வங்கி மேலாளரும் பாதிரியாரும் அலுமினியப் பெஞ்சுகளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வாய் நிறையச் சூரியகாந்தி விதையைப் போட்டு, பருப்பைத் தின்று தோலைக் காலடியில் துப்புவார்கள். முதல் வருடம் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இலங்கையில், ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்குப் போகும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வெற்றிலைச் சாற்றைத் துப்பினால் முகத்தைச் சுளிக்கும் டவுன்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேரையாவது கூட்டிவந்து இந்தப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் ஆட்டம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. பந்தை அடி, ஓடு, சுற்றி வந்து சேர். இது எங்கள் ஊர் எல்லே ஆட்டம்தானே! சித்திரை வருடப் பிறப்புக்கு, கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன்களும் தோட்டத்துப் பையன்களும் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழேயிருந்த சரிவான மைதானத்தில் மூங்கில் மட்டையோடு எல்லே ஆடுவார்கள். என் தம்பி சிவா அதில் பெரிய அடிகாரன். பெண் பிள்ளைகளான எங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பந்து தேயிலைக்குள் போனால் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு தேடி எடுத்துத் தர வேண்டும். அதைத் திருப்பி எறியக்கூட விடமாட்டார்கள். கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இந்தக் கதையை இங்கே என்னோடு வேலை செய்யும் பெண்களிடம் சொன்னபோது, "அப்படியானால் அது பேஸ்பால் மாதிரி" என்றார்கள். "இல்லை, பேஸ்பால்தான் எல்லே மாதிரி" என்றேன். அவர்களுக்கு அது விளங்கவில்லை.

என் கணவருக்கு விசா லாட்டரி விழுந்து நாங்கள் இங்கே வந்தோம். அவர் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். நான் உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறேன். சிவா இன்னும் ஸ்பிரிங்வெளியில்தான் இருக்கிறான். சின்ன லொறி ஒன்றில் வெலிமடையிலிருந்து கிழங்கும் லீக்ஸும் ஏற்றுகிறான். அவன் மனைவி வசந்தா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவர்களுடைய மகள் கௌசல்யாவைத்தான் எல்லோரும் கௌசி என்கிறோம். பதுளையில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு வந்த விளையாட்டு மிஸ் ஒருவர் பெண் பிள்ளைகளுக்கு பேஸ்பால் பழக்கத் தொடங்கியபோது, கௌசியின் கை ஏற்கெனவே தயாராக இருந்தது. லயத்துக்குப் பின்னால் வசந்தா போட்ட போஞ்சிக் கொடிகளைக் குரங்குகள் விட்டுவைப்பதில்லை. அவற்றைக் கல்லெறிந்து விரட்டுவது சின்ன வயதிலிருந்தே கௌசியின் வேலை. இடது கையால் எறிவாள். குரங்குகள் அவள் தலையைக் கண்டாலே மரம் மாறிவிடும் என்று சிவா பெருமையாகச் சொல்வான்.

போன வருடம் ஒரு நாள் காலை, நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் சிவாவின் அழைப்பு வந்தது. வழக்கமாக அவன் 'சாப்பிட்டியாக்கா' என்று தொடங்குவான். அன்று அதைக்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, நம்ம கௌசிய அமெரிக்கா கூப்பிடுது!"

நடந்தது இதுதான். விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரைப் பதிந்து வீடியோ ஏற்றும் இணையத்தளம் ஒன்றில் கௌசி தான் பந்தெறியும் வீடியோவை ஏற்றியிருக்கிறாள். சில நாட்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேஸ்பால் அணியிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. 'உன்னை நாங்கள் மிக உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம். எங்கள் கோடைக்கால கேம்புக்கு உன்னை அழைப்பதில் மகிழ்ச்சி. எங்கள் கோச்மார் முன்னால் உன் திறமையைக் காட்டு' என்று எழுதியிருந்தது. கேம்புக்குக் கட்டணம் உண்டு, விமானப் பயணம் அவரவர் செலவு என்பது கடைசியில் சிறிய எழுத்தில் இருந்தது. அடுத்த நாள் விடிவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், வசந்தாவைச் சுற்றிக் கூட்டம் கூடி, கங்காணியே வந்து என்னவென்று கேட்டாராம். கோயிலில் கௌசி பெயரில் அர்ச்சனையும் நடந்துவிட்டது. பதுளை பஜாரில் சிவாவுக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் கடைக்காரர், பயணத்துக்கென்று சூட்கேஸ் ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார்.

"லொறிய வித்தாவது அனுப்புறேன்" என்றான் சிவா.

லொறி போனால் அவன் எதை ஓட்டுவான் என்று நான் கேட்கவில்லை. அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "கொஞ்சம் பொறு, நான் இங்க விசாரிக்கிறேன்" என்றேன்.

"என்னாத்த விசாரிக்கிறது? மச்சானுக்கும் இப்படித்தானே லெட்டர் வந்துச்சு? நாங்க அப்ப பொய்யின்னா சொன்னோம்?"

அவன் சொன்னது உண்மைதான். எங்களுக்கு லாட்டரி விழுந்தபோது, ஏமாற்று வேலை என்று பாதித் தோட்டம் சொன்னது. சிவா ஒருவன்தான் நம்பி, எங்களோடு கொழும்புக்கு ஓடித் திரிந்தான். அப்படி நம்பியவனிடம், உனக்கு வந்திருப்பதை நம்பாதே என்று எப்படிச் சொல்வது?

கௌசி மட்டும் போனை வாங்கி மெதுவாக ஒன்று சொன்னாள். "அத்தை, இதுல என்னைய 'யங் மேன்'னு போட்டிருக்காங்க."

"அது இங்க பொதுவா சொல்றது புள்ள" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எங்கள் சமையலறையில் நாங்கள் எல்லோரும் பெண்கள். மேலாளர் வந்தால் எங்களைப் பார்த்து 'ஹாய் கைஸ்' என்றுதான் கூப்பிடுவார். இந்த நாட்டில் ஆணுக்குரிய சொல்லால் பெண்ணைக் கூப்பிடுவது மரியாதை போலும் என்று நான் முடிவுகட்டிப் பல காலமாகிறது.

எங்கள் பள்ளியின் பேஸ்பால் கோச் ரிக், பெரிய வயிறும் சின்னக் குரலும் கொண்ட மனிதர். சாப்பாட்டு வரிசையில் கடைசியாக வருவார். அன்று அவருடைய தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி போட்டுவிட்டு, கௌசியின் வீடியோவைக் காட்டினேன். தொப்பிக்குள் சடையைச் சுருட்டி வைத்துக்கொண்டு அவள் எறிந்துகொண்டிருந்தாள். ரிக் சாப்பாட்டை மறந்து பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ளை சீஸ் எறிகிறதே!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உணவுக்கூடத்தில் பிள்ளைகள் சீஸ் துண்டுகளை எறிந்து விளையாடுவதும், அதைச் சுவரிலிருந்து நான் சுரண்டி எடுப்பதும் வழக்கம். "இல்லை சேர், எங்கள் வீட்டில் யாரும் சாப்பாட்டை எறிய மாட்டார்கள். அது பந்துதான், வடிவாகப் பாருங்கள்" என்றேன். ரிக் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வேகமான பந்தை இவர்கள் சீஸ் என்பார்களாம். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

பிறகு மின்னஞ்சலைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் சிரிப்புக் குறைந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தன்னிடம் விளையாடும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இப்படி வருமாம், மட்டையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவனுக்கும் வருமாம். பெயரை மட்டும் மாற்றிக் கம்ப்யூட்டர் அனுப்புவது. கேம்ப் பொய்யில்லை, மைதானம் இருக்கும், கோச்மாரும் இருப்பார்கள், நாலு புது நுணுக்கம் சொல்லித் தருவார்கள். ஆனால் அங்கே வருகிற பெருங்கூட்டத்திலிருந்து யாரையாவது அணிக்கு எடுப்பது அபூர்வம். எடுக்க நினைக்கும் பிள்ளையை அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். "உண்மையில் வேண்டுமென்றால் கோச் தானாகவே போன் எடுத்துக் கூப்பிடுவார். பரீட்சைப் புள்ளிகளைக் கேட்பார். குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தைச் சொல்லிப் பேசுவார். அப்படிப் பேசிய பிறகு, நேரில் பார்க்கக் கூப்பிட்டால், அந்தக் கேம்பால் பிரயோசனம் உண்டு. இவனிடம் யாராவது பேசினார்களா?"

"இல்லை."

"இவன் எவ்வளவு உயரம்?"

"என்னைவிடக் கொஞ்சம் குறைவு. அவளுடைய அம்மாவும் கட்டைதான்" என்றேன்.

"அவளா?" என்றார் ரிக்.

அவர் மறுபடி வீடியோவைப் போட்டார், தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இங்கே பல்கலைக்கழக பேஸ்பால் அணிகளில் ஆண்கள்தான் ஆடுகிறார்கள், பெண்களுக்கு இருப்பது பெரிய பந்தால் ஆடும் சாப்ட்பால் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உன்னிப்பாகக் கவனித்து வருவதாக எழுதியவர்கள், அவள் பெண் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. 'யங் மேன்' என்பது மரியாதை அல்ல, உண்மையிலேயே பையன் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம், என்னைப் போல இங்கே இருக்கும் அத்தைமாருக்கும் மாமாமாருக்கும் இப்படியான அழைப்புகள் ஊரிலிருந்து கட்டாயம் வரும் என்பதுதான். விசாரிப்பது சுலபம். விசாரித்ததை ஊருக்குச் சொல்வதுதான் கஷ்டம். அன்று மாலை சிவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "நீங்க போயிட்டீங்க. எம் புள்ள போறதுன்னா மட்டும் இத்தனை யோசனையா?" என்றான். அதோடு அழைப்பை வைத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வழக்கமாக அனுப்பும் சாமி படமும் இல்லை. நானோ பரிமாறும்போது கரண்டியைத் தவறவிட்டேன், பெயர்களை மறந்தேன். நல்லதைச் சொன்னேன் என்று மனம் சொன்னது. ஆனால் ஏறி வந்த ஏணியை மேலேயிருந்து இழுத்துக்கொண்டவளாக என் தம்பி என்னைப் பார்க்கிறான் என்பதைத் தாங்க முடியவில்லை.

முடிச்சை அவிழ்த்தது கௌசிதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு வந்தது. நடுவில் அவள், ஒரு பக்கம் சிவா விறைப்பாக, பின்னால் வசந்தா தேத்தண்ணிக் கோப்பையோடு.

"அத்தை, நான் அவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். என்னைய கவனிச்சுப் பார்க்குறோம்னு சொன்னீங்களே, நான் எந்தக் கையால எறியிறேன்னு கேட்டேன்."

"பதில் வந்திச்சா?"

"உடனே வந்திச்சு. அப்பாவே வாசிப்பாரு."

சிவா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக உடைத்து உடைத்து வாசித்தான். 'மிக நல்ல கேள்வி, இளைஞனே! இடங்கள் வேகமாக நிரம்புகின்றன. இன்றே பதிவு செய்.'

வாசித்து முடித்து நிமிர்ந்தான். வசந்தாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரித்தாள். சிவாவின் விறைப்பும் கலைந்தது. "எந்தக் கைன்னே தெரியாதவனுக்கா நான் லொறிய விக்கப் போனேன்! நம்ம போஞ்சித் தோட்டத்துக் குரங்குக்குக்கூட அது தெரியுமேக்கா!"

அந்தக் கேம்ப் நடந்த அதே வாரம், கொழும்பில் பெண்கள் பேஸ்பால் அணிக்கான தெரிவு இருந்தது. கேம்புக்கு வந்திருந்தால் அதைத் தவறவிட்டிருப்பாள். சிவா லொறியிலேயே அவளையும் விளையாட்டு மிஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு போனான். பயிற்சிக் குழுவுக்கு எடுத்துவிட்டார்கள். இங்கே ரிக்கும் சும்மா இருக்கவில்லை. அவருடைய மனைவி பக்கத்து ஊர்க் கல்லூரியில் பெண்கள் சாப்ட்பால் கோச். வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலை அந்த அம்மாவே கௌசியைப் போனில் கூப்பிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ இடது கைதானே?" என்பது. சாப்ட்பாலில் பந்தைக் கீழ்க்கையால் எறிய வேண்டும், அது உனக்குப் புதிது, உயர்தரப் பரீட்சையை முதலில் முடி, ஒவ்வொரு ஆட்டத்தையும் எனக்கு அனுப்பு என்றாராம். எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஆனாலும் கௌசி அன்றிலிருந்து லயத்துச் சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டுக் கீழ்க்கையால் எறிந்து பழகுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடும்பம்தான் பாவம்.

போன சனிக்கிழமை எங்கள் பள்ளி மைதானத்தில் போட்டி. நான் தின்பண்டம் விற்கும் சின்னக் கூண்டுக் கடையில் ஹாட் டாக் சூடாக்கிக்கொண்டிருந்தேன். இங்கே காலை, அங்கே மாலை. மழையால் பிந்தித் தொடங்கிய கௌசியின் ஆட்டத்தை சிவா வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தான். அவன் கை ஆடிய ஆட்டத்தில் பாதி நேரம் வானமும் யாரோ ஒருவருடைய செருப்பும்தான் தெரிந்தன. கௌசி மட்டையோடு வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து இங்கே ஒலிபெருக்கியில் அமெரிக்கத் தேசிய கீதம் தொடங்கியது. பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி எழுந்தார்கள். நானும் கூண்டை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து நின்று, எல்லோரையும் போல வலது கையை நெஞ்சில் வைத்தேன். கைக்குள் போன் இருந்தது. அணைக்க மனம் வரவில்லை. பாட்டின் உச்சத்தில் மைதானமே உறைந்து நின்றபோது, என் நெஞ்சுக்குள்ளிருந்து வருவது போலத் தம்பியின் குரல் கிளம்பியது.

"ஓடு புள்ள, ஓடு, ஓடு!"

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை எடுக்கவில்லை, கொடியைப் பார்த்தபடியே நின்றேன். என் கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.